அறிவியல் மென்பொருளை டெபியனுக்குள் சேர்ப்பது: உரிமம் பார்ப்பதில் தொடங்கி டெஸ்டிங் வரை

பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டி பக்கமும் ஆராய்ச்சி மாணவர்களோடு உட்கார்ந்து டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பேக்கேஜ் வேலை (மென்பொருளை நிறுவத் தயாரான பொதியாகக் கட்டும் வேலை) பார்க்கும்போது ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாரும் கட்டளையில் தொடங்குகிறார்கள். ஒரு வாரம் போராடி பில்டு ஆனபிறகு (மூல நிரல் ஓடும் நிரலாக மாறியபிறகு), உள்ளே கிடக்கும் ஒரு கோப்பின் உரிமம் ஒத்துவராது என்று தெரிந்து எல்லாவற்றையும் பிரித்துப்போடுகிறார்கள். கட்டளைகளுக்கு நல்ல ஆவணங்கள் உண்டு. எதை எதற்கு முன்னால் செய்வது என்பதில்தான் ஆள் தடுமாறுகிறது. அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை மென்பொருளை வைத்துக்கொள்வோம். பெயர் 'நீர்வரத்து'. மழைமானி அளவுகளைக் கொடுத்தால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்கு எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடும். உள்கணக்கு சி பிளஸ் பிளஸ்ஸில், மேலே பைத்தான் இடைமுகம். நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுக் கோப்புகளைக் கையாளும் நூலகம்), லாப்பாக் (அணிக் கணக்கு நூலகம்) இரண்டும் வேண்டும். ஏறக்குறைய எல்லா அறிவியல் மென்பொருளும் இந்த அமைப்பில்தான் இருக்கும்.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

டெபியன் அன்ஸ்டேபிள் ஓடும் சூழல் ஒன்று வேண்டும். புதுப் பேக்கேஜ்கள் முதலில் வரும் பிரிவு அது; அங்கிருந்துதான் டெஸ்டிங்குக்கும், பிறகு வெளியீட்டுக்கும் போகும். உங்கள் கணினியில் உபுண்டு இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் பில்டு ஆவது அன்ஸ்டேபிளில்தான் என்பதால் விர்ச்சுவல் மெஷினோ கன்டெய்னரோ வைத்துக்கொள்ளுங்கள்.

சல்சா கணக்குக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். டெபியன் நிரல்களை வைக்கும் கிட்லேப் தளம் அது. புதுக் கணக்கை ஒரு மனிதர் பார்த்துத்தான் அனுமதிக்கிறார், அதற்கு நேரம் எடுக்கும்.

மின் கையொப்பத்துக்கு ஜிபிஜி சாவி ஒன்று உருவாக்கி, பெயரையும் மின்னஞ்சலையும் டெப்ஃபுல்நேம், டெப்இமெயில் என்ற இரண்டு சூழல் மாறிகளில் போட்டுவையுங்கள். இதை விட்டால் சேஞ்ச்லாக்கில் (மாற்றங்களின் பதிவேடு) கணினிப் பெயரோடு ஏதோ ஒரு முகவரி ஏறிக்கொள்ளும். பின்னால் சாவியின் பெயரும் சேஞ்ச்லாக்கின் பெயரும் ஒத்துப்போகாமல் சிக்கல் வரும்.

ஊர்ப்பக்கம் இருந்து வேலை செய்பவர்கள் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பில்டும் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை இறக்கும். ஒருமுறை இறக்கியதை அது பக்கத்திலேயே வைத்துக்கொள்வதால் மொபைல் டேட்டா ஒரே நாளில் தீராது.

2. உரிமம்: ஒவ்வொரு கோப்பாக

மேலே சொன்ன ஏற்பாடுகளைத் தவிர, இந்தப் படிக்கு முன்னால் வேறு எதையும் செய்யாதீர்கள். திட்டத்தின் முகப்பில் 'எம்ஐடி' என்று இருந்தால் மட்டும் போதாது. டெபியனுக்குள் புதிதாக வரும் பேக்கேஜை அதற்கென்றே உள்ள ஒரு குழு கோப்புகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடும். அவர்கள் பார்க்கப்போவதை நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

லைசன்ஸ்செக் என்ற கருவியை மொத்த மூலத்தின் மேலும் ஓட்டுங்கள். 'தெரியவில்லை' என்று அது சொல்லும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். அறிவியல் மென்பொருளில் வழக்கமாக மாட்டும் இடங்கள் இவை:

'கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரி. பேராசிரியர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் எந்த ஆளையும் எந்தத் துறையையும் விலக்கக்கூடாது என்பது டெபியனின் விதி. இந்த வரி இருந்தால், டெபியனின் சுதந்திர மென்பொருள் பிரிவான மெயினுக்குள் போக முடியாது.

எண்கணிதப் பாடப்புத்தகங்களில் இருந்து அப்படியே எடுத்த நிரல். தலைக்குறிப்பு இல்லாமல், பழைய ஃபோர்ட்ரான் வாசனையோடு, ஏதோ ஒரு அடைவின் மூலையில் கிடக்கும். பகிர உரிமையே இல்லாத நிரலாக அது இருக்கலாம். ஏசிஎம் டாம்ஸ் என்ற கணித மென்பொருள் ஆய்விதழ்த் தொகுப்பின் பழைய நிரல்களிலும் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. இவற்றுக்குப் பதிலாக ஜிஎஸ்எல் (குனூ அறிவியல் நூலகம்) அல்லது லாப்பாக்கின் செயல்கூற்றை மாற்றிப் போடும்படி மூல ஆசிரியரைக் கேளுங்கள்.

தரவு. நம் 'நீர்வரத்து' மென்பொருளின் உதாரண அடைவில் ஒரு துறையிடம் கேட்டு வாங்கிய மழை அளவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்குக் கொடுத்தார்கள், சரி. அதை உலகம் முழுக்கப் பகிரலாம் என்று எங்கேனும் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கோப்பு உள்ளே போகக்கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தாலும், கூடவே 'என்சி' (வணிகப் பயன்பாடு கூடாது) என்ற இரண்டெழுத்து இருந்தால் கதை அதேதான்.

உரிமக் கோப்பே இல்லாத திட்டம். 'கிட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படிதானே வைத்திருக்கிறார்' என்று வாதாடுபவர்கள் உண்டு. பார்க்கலாம், அவ்வளவுதான். உரிமம் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் ஆசிரியருக்கே.

சிக்கல் இருந்தால் மூல ஆசிரியருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். பதில் வரும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம். இந்தக் காத்திருப்புதான் புதியவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் குறுக்குவழி கிடையாது.

ஒன்றிரண்டு கோப்புகளில் மட்டும்தான் பிரச்சினை, அவை இல்லாமலும் மென்பொருள் ஓடும் என்றால், காப்பிரைட் கோப்பில் 'ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடெட்' என்று பட்டியல் போடலாம். மூலத்தை இறக்கும் கருவியான யூஸ்கேன், இறக்கும்போதே அவற்றை நீக்கிப் புதிய டார் கோப்பு செய்யும். அப்படி நீக்கியதைப் பதிப்பெண்ணின் கடைசியில் 'பிளஸ் டிஎஃப்எஸ்ஜி' (டெபியனின் சுதந்திர மென்பொருள் விதிகளின் சுருக்கப்பெயர்) என்று காட்டுவது வழக்கம்.

3. சார்புகளைக் கணக்கெடுங்கள்

இந்த மென்பொருளுக்கு வேண்டிய எல்லாம் டெபியனில் ஏற்கனவே இருக்கிறதா? ஒரு தாளில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்ஸ்டேபிளில் உள்ள பதிப்பெண்ணை எழுதுங்கள். ஒன்று இல்லையென்றால் அதைத்தான் முதலில் பேக்கேஜ் செய்யவேண்டும். நான்கு இல்லையென்றால் நீங்கள் எடுத்திருப்பது ஒரு வேலை இல்லை, ஐந்து வேலை.

சில நூலகங்கள் டெபியனில் இருக்கும், ஆனால் மெயினில் இருக்காது. வலைப்பின்னலைப் பிரிக்கும் பார்மெட்டிஸ் அப்படி ஒன்று, நான்-ஃப்ரீ பிரிவில் கிடக்கிறது. அது இல்லாமல் பில்டே ஆகாது என்றால் உங்கள் பேக்கேஜும் கான்ட்ரிப் பிரிவுக்கு (தான் சுதந்திரமானது, ஆனால் மெயினுக்கு வெளியே உள்ளதைச் சார்ந்தது) போய்விடும்.

மூலத்தோடு சேர்த்துக் கட்டிய மூன்றாம் நபர் நூலகங்களையும் தேடுங்கள். 'தேர்ட்பார்ட்டி', 'எக்ஸ்டர்ன்', 'கான்ட்ரிப்' என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். ஐகன், பிஒய்பைண்ட்11, கூகுள்டெஸ்ட் எல்லாம் டெபியனில் தனியாக இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். நூலகத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஓர் இடத்தில் அடைத்தால் போதும் என்பதுதான் காரணம்.

4. பிழைப்பட்டியலில் பெயர் கொடுத்துவையுங்கள்

இப்போது ஐடிபி. 'இதை நான் பேக்கேஜ் செய்யப்போகிறேன்' என்று டபிள்யூஎன்பிபி என்ற போலிப் பேக்கேஜின் மேல் ஒரு பிழையறிக்கை போடவேண்டும். அதற்கு முன் வேறு யாரும் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டு பேர் இரண்டு மூலையில் ஒரே வேலையைச் செய்யாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ரிப்போர்ட்பக் கருவி எல்லாம் கேட்டுக் கேட்டு நிரப்பும். கிடைக்கும் எண்ணைக் குறித்துவையுங்கள், முதல் சேஞ்ச்லாக் பதிவில் 'குளோசஸ்' என்ற சொல்லோடு அது வரவேண்டும்.

கூடவே டெபியன் சயின்ஸ் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். மருத்துவம், உயிரியல் சார்ந்தது என்றால் டெபியன் மெட். தனியாளாகச் செய்வதைவிடக் குழுவின் பெயரில் வைப்பது நல்லது. முனைவர் பட்டம் முடிந்து நீங்கள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போனபிறகும் பேக்கேஜுக்கு ஆள் இருக்கும்.

5. மூலத்தை இறக்கிக் கிட்டில் வைப்பது

வாட்ச் கோப்பை முதலில் எழுதுங்கள். மூல ஆசிரியரின் புதிய வெளியீட்டை யூஸ்கேன் தானாகக் கண்டுபிடிக்க அதுதான் வழி. பிறகு ஜிபிபி இம்போர்ட்-ஒரிக் கட்டளையால் கிட்டுக்குள் ஏற்றுங்கள். கையால் டார் கோப்பைப் பிரித்துப் போட்டால் அடுத்த பதிப்பு வரும்போது கிளைகள் குழம்பும்.

பதிப்பெண்ணில் ஒரு கவனம். மூலத்தில் '1.0ஆர்சி1' என்று இருந்தால் அப்படியே எடுக்காதீர்கள், நடுவில் டில்டே குறி போட்டு '1.0~ஆர்சி1' ஆக்குங்கள். டில்டே இருந்தால்தான் அது 1.0-க்கு முந்தியது என்று ஆப்ட் புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் இறுதிப் பதிப்பு வந்தபிறகும் சோதனைப் பதிப்பே புதியது என்று உட்கார்ந்துகொள்ளும்.

6. டெபியன் அடைவை நிரப்புவது

டிஎச்-மேக் என்ற கருவி ஒரு தொடக்கம் தரும். அது போட்டுவைக்கும் 'இஎக்ஸ்' என்று முடியும் மாதிரிக் கோப்புகளை முதல் வேலையாக அழித்துவிடுங்கள். அவற்றோடு பதிவேற்றியிருந்தாலே புது ஆள் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கண்ட்ரோல் கோப்பில் டெப்ஹெல்பர்-காம்பட் 13 போடுங்கள். 'நீர்வரத்து' போன்ற ஒன்றை மூன்றாகப் பிரிக்கவேண்டும்: ஓடும் நூலகம், தலைப்புக் (ஹெடர்) கோப்புகள் அடங்கிய 'டெவ்', பைத்தான்3 பேக்கேஜ். நூலகத்தின் பெயரில் எஸ்ஓநேம் எண் (அதன் இடைமுகத்தின் பதிப்பைக் காட்டும் எண்) கட்டாயம் வரவேண்டும். அந்த எண் மாறும்போது பழையதும் புதியதும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டியிருக்கும்.

பலர் செய்யும் தவறு, ஓடும்போது வேண்டிய நூலகங்களைக் கையால் அடுக்குவது. 'ஷ்லிப்ஸ் டிபென்ட்ஸ்', 'பைத்தான்3 டிபென்ட்ஸ்' என்ற மாறிகளைப் போட்டால் போதும். பைனரி உண்மையில் எதைக் கேட்கிறதோ அதைக் கருவியே கண்டுபிடித்து நிரப்பும். நாம் அடுக்கினால் பழைய பெயரோடு நின்றுவிடும்.

பில்டு படிகளைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பு சிறியதாக இருக்கட்டும். பத்து வரிக்கு மேல் போகிறது என்றால் மூலத்தின் சிமேக் (பில்டு செய்முறை) கோப்பில் ஏதோ சரியில்லை. அதை அங்கேயே திருத்துங்கள்.

காப்பிரைட் கோப்புக்கு இரண்டாம் படியில் செய்த வேலை அப்படியே பயன்படும். 'அப்ஸ்ட்ரீம்/மெட்டாடேட்டா' கோப்பில் ஆய்வுக்கட்டுரையின் டிஓஐ எண்ணைச் சேர்த்துவிடுங்கள். மேற்கோள் காட்டப்படவேண்டும் என்பதுதானே மூல ஆசிரியர்களின் முதல் ஆசை.

7. சுத்தமான சூழலில் பில்டு

உங்கள் கணினியில் பில்டு ஆவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எஸ்பில்ட் ஒவ்வொரு முறையும் அடிப்படை டெபியனை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்கும், கண்ட்ரோலில் எழுதியதை மட்டும் நிறுவும். அன்ஷேர் முறையில் ஓட்டினால் ரூட் உரிமைகூட வேண்டாம்.

இதே இடத்தில் நடந்த ஒரு பேச்சு:

"அண்ணாச்சி, எங்கிட்ட நல்லா ஓடுது. எஸ்பில்ட்ல மட்டும் நெட்சிடிஎஃப் இல்லங்குது."

"உங்கிட்ட அத யாரு போட்டா?"

"நாந்தான். போன வருசம் புராஜெக்டுக்கு."

"அத கண்ட்ரோல்ல எழுதினியாலே?"

அவ்வளவுதான் விஷயம். நம் வீட்டு அடுக்களையில் உப்பு டப்பாவுக்குக் கை தானாகப் போகும். அடுத்த வீட்டில் சமைத்துப் பார்த்தால்தான் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று தெரியும்.

அடுத்து, பில்டு நடக்கும்போது நெட்டைத் தொடக்கூடாது. சிமேக்கில் ஃபெட்ச்கன்டென்ட் என்று இருந்தால் அது பில்டு நேரத்தில் எதையோ இறக்கப் பார்க்கிறது. அதை முடக்கி, டெபியனில் இருக்கும் பேக்கேஜைத் தேடும்படி மாற்றுங்கள். சோதனைத் தரவை இறக்கும் பைத்தான் சோதனைகளும் இதே வகை. ஆவணத்தில் கணிதக் குறிகளைக் காட்டும் மேத்ஜாக்ஸை வெளித் தளத்தில் இருந்து எடுக்கும் வரி இருந்தால், படிப்பவரின் அந்தரங்கம் கசிகிறது என்று, பேக்கேஜில் குறை தேடும் கருவியான லின்டியன் சொல்லும். உள்ளூர் மேத்ஜாக்ஸ் பேக்கேஜுக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது அறிவியல் மென்பொருளுக்கே உரிய வியாதி: 'மார்ச் நேட்டிவ்' என்ற கம்பைலர் தேர்வு. வேகத்துக்காக மூல ஆசிரியர் போட்டிருப்பார். பில்டு செய்யும் சர்வரின் சிபியு புதியது என்றால், அதன் ஏவிஎக்ஸ் கட்டளைகள் பைனரிக்குள் ஏறிவிடும். அதைக் கல்லூரி ஆய்வகத்துப் பழைய கணினியில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்து விழும். டெபியனின் ஏஎம்டி64 (வழக்கமான 64 பிட் பிசி) அடிப்படையில், ஏவிஎக்ஸுக்கு முந்திய எஸ்எஸ்இ2 கட்டளைகள் வரைதான் உண்டு. அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள். வேகம் முக்கியம் என்றால் ஓடும்போது சிபியுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி நிரலில் செய்யவேண்டும்.

லாப்பாக், பிளாஸ் என்ற அணிக் கணக்கு நூலகங்களின் விஷயத்தில், அவற்றின் ஒரு வடிவமான ஓப்பன்பிளாஸோடு நேரடியாகக் கட்டாதீர்கள். பொதுவான பிளாஸ் டெவ் பேக்கேஜோடு கட்டினால், பயனர் தனக்கு வேண்டியதை நிறுவி அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

8. சோதனைகள்: கடைசித் தசமத்தில் வரும் சண்டை

டெபியன் பல சிபியு வகைகளில் ஓடும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல்தான் ரிஸ்க்-வி 64 முதன்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. ஆர்ம்64, பிபிசி64இஎல், எஸ்390எக்ஸ் என்று இன்னும் பல வகை உண்டு. உங்கள் பேக்கேஜ் இவை எல்லாவற்றிலும் பில்டு ஆகும், சோதனையும் எல்லாவற்றிலும் ஓடும்.

'கணக்கின் விடை 412.73859201 ஆக இருக்கவேண்டும்' என்று எழுதிய சோதனை ஏஎம்டி64-இல் தேறி ஆர்ம்64-இல் தோற்கும். நிரலில் பிழை இருக்கவேண்டும் என்பதில்லை. ஆர்ம்64-இல் ஜிசிசி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்துவிடும், நடுவில் நடக்கவேண்டிய ஒரு முழுமையாக்கல் நடக்காது. கடைசி இலக்கம் மாறும். சமக்குறி வைத்து ஒப்பிடாமல், பொருத்தமான சகிப்பு எல்லை வைத்து ஒப்பிடும்படி திருத்தி, அதை மூல ஆசிரியருக்கே அனுப்புங்கள். எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்காதீர்கள். மூன்றாம் இலக்கத்திலேயே வித்தியாசம் வருகிறது என்றால் அது உண்மையான பிழை.

எஸ்390எக்ஸில் மட்டும் தோற்றால் பைட் வரிசையைச் சந்தேகப்படுங்கள். அது பிக் எண்டியன். பைனரிக் கோப்பை நேராக நினைவகத்துக்குள் படிக்கும் நிரல் அங்கே குப்பையைத்தான் வாசிக்கும்.

தோற்கும் சோதனையை அணைத்துவிட்டு நகர்வது எளிது. ஒன்றை அணைக்கலாம், காரணத்தை எழுதிவைத்துவிட்டு. மொத்தத்தையும் அணைப்பவரின் பேக்கேஜை நான் நிறுவமாட்டேன்.

பில்டு நேரச் சோதனை வேறு, ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் வேறு. இரண்டாவது, நிறுவிய பேக்கேஜை எடுத்து ஓட்டிப் பார்க்கும். பில்டு அடைவில் இருந்த கோப்பு பேக்கேஜுக்குள் வராமல் போயிருந்தால் இதில்தான் பிடிபடும். நாளை நெட்சிடிஎஃப் புதிய பதிப்பு வந்து உங்கள் சோதனை உடைந்தால், அந்தப் புதிய பதிப்புதான் டெஸ்டிங்குக்குப் போகாமல் நிற்கும். சின்னப் பேக்கேஜுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அது.

9. பேட்ச் போடுவதா, மேலே அனுப்புவதா

பில்டு முறை, பாதைகள் போன்ற டெபியனுக்கே உரிய மாற்றங்களை குவில்ட் பேட்சாக (மூலத்தின் மேல் போடும் தனித் திருத்தக் கோப்பாக) வைக்கலாம். அறிவியல் சார்ந்த மாற்றத்தை ஒருபோதும் நம்மிடமே வைத்துக்கொள்ளக்கூடாது.

'நீர்வரத்து' ஒரு நாளில் 500 மி.மீ.க்கு மேல் வரும் மழையை மானிக் கோளாறு என்று தள்ளிவிடுகிறது என்று வையுங்கள். எழுதியவர் ஊரில் அது நியாயமான எல்லைதான். ஆனால் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பதிவானது சுமார் 95 செ.மீ. தாமிரபரணி கரையில் இருப்பவர்களுக்கு அந்த எல்லை தப்பு என்று உடனே தெரியும், கை துறுதுறுக்கும். இருந்தாலும் டெபியன் பேட்சில் மாற்றாதீர்கள். மாற்றினால், ஒரே பதிப்பெண் உள்ள மென்பொருள் டெபியனில் ஒரு விடையும் வெளியே வேறு விடையும் தரும். இரண்டு விடையையும் வைத்துக் கட்டுரை எழுதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மூல ஆசிரியருக்கு ஆதாரத்தோடு அனுப்பி, அடுத்த வெளியீட்டில் வரவையுங்கள்.

எந்தப் பேட்ச் ஆனாலும் மேலே காரணத்தையும், 'ஃபார்வேர்டட்' என்ற வரியில் அனுப்பிய இணைப்பையும் எழுதுங்கள்.

10. லின்டியன், பிறகு ஸ்பான்சர்

லின்டியன் சொல்வதைப் படித்துத் திருத்துங்கள். புரியாத எச்சரிக்கையை ஓவர்ரைடு போட்டு மூடாதீர்கள், ஸ்பான்சர் (உங்களுக்காகப் பதிவேற்றுபவர்) முதலில் திறப்பதே அந்தக் கோப்பைத்தான். சல்சா சிஐயை இயக்கிவிட்டால் பில்டு, லின்டியன், ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட், ரெப்ரோடெஸ்ட் (மறுபடி பில்டு செய்தாலும் அதே பைனரி வருகிறதா என்ற சோதனை) எல்லாம் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் தானாக ஓடும்.

பதிவேற்றும் உரிமை உங்களுக்கு இல்லை, ஒரு டெபியன் டெவலப்பர் உங்களுக்காகச் செய்யவேண்டும். சயின்ஸ் குழுவில் இருந்தால் அங்கேயே கேளுங்கள். இல்லாவிட்டால் மென்டார்ஸ் தளத்தில் ஏற்றி, ஆர்எஃப்எஸ் (ஸ்பான்சர் வேண்டும் என்ற கோரிக்கை) பிழையறிக்கை போடுங்கள். கேட்கும்போது சுருக்கமாக: என்ன மென்பொருள், யாருக்கு வேண்டும், எஸ்பில்டில் தேறியதா, தெரிந்தே விட்டுவைத்த குறை எது. குறையை நீங்களே சொல்லிவிட்டால் பார்ப்பவருக்கு வேலை பாதி.

பதில் வராவிட்டால் சில வாரம் கழித்து நினைவூட்டுங்கள். எல்லாரும் சொந்த நேரத்தில் செய்கிறவர்கள்.

11. நியூ வரிசையும் அதற்குப் பின்னும்

புதிய பேக்கேஜ் நியூ என்ற பரிசீலனை வரிசையில் நிற்கும். சில நாளும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நிராகரித்தால் காரணம் எழுதிவரும், பெரும்பாலும் காப்பிரைட் கோப்பில் விட்டுப்போன ஏதோ ஒன்று. திருத்தி மறுபடி அனுப்பலாம், மனம் தளரவேண்டாம்.

அன்ஸ்டேபிளுக்குள் வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் போய்விடுகிறார்கள். பேக்கேஜ் அங்கேயே தேங்கி நிற்கும். நியூ வரிசைக்கு அனுப்பும் முதல் பதிவேற்றத்தில் ஸ்பான்சர் பில்டு செய்த பைனரியும் சேர்ந்தே போகவேண்டும். ஆனால் டெஸ்டிங்குக்கு நகர, பைனரி டெபியனின் பில்டு சர்வரில் உருவாகியிருக்கவேண்டும். ஆகவே ஏற்றுக்கொண்டபிறகு, பதிப்பெண்ணின் கடைசி எண்ணைக் கூட்டி, மூலம் மட்டும் கொண்ட இன்னொரு பதிவேற்றம் செய்யச் சொல்லுங்கள்.

அதன்பின் பேக்கேஜின் நிலையைக் காட்டும் டிராக்கர் பக்கத்தைப் பாருங்கள். எந்தக் கட்டமைப்பிலும் பில்டு உடையாமல், பெரிய பிழையறிக்கை வராமல் இருந்தால், சாதாரண அவசர நிலையில் 5 நாளில் டெஸ்டிங்குக்கு நகரும். உபுண்டுவும் தன் இறக்குமதித் தேதிக்குள் அன்ஸ்டேபிளில் இருந்து தானாக எடுத்துக்கொள்ளும்.

மூல ஆசிரியர் அடுத்த பதிப்பில் எஸ்ஓநேம் எண்ணை மாற்றினால் நூலகத்தின் பெயரும் மாறும், மறுபடியும் நியூ வரிசை. அப்படி ஒன்று வருகிறது என்று தெரிந்தால் முதலில் சோதனைக்கான எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் ஏற்றச் சொல்லுங்கள். டெபியன் வெளியீட்டுக்கு முன்வரும், பெரிய மாற்றங்களை நிறுத்திவைக்கும் ஃப்ரீஸ் காலத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள்.